ஒன்றே முக்கால் வினாடியும் ஒரு தாள வட்டமும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையின் காலை அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "ஏதாவது கம்ப்யூட்டர் விஷயமா பேசுங்க சார், ஆனா செயற்கை நுண்ணறிவு மட்டும் வேண்டாம், ஏற்கனவே மூணு பேர் அதையே எடுத்துட்டாங்க" என்றார். எனக்கு அது வசதியாகப் போயிற்று. நான் பேச வந்தது ரொம்பச் சின்ன விஷயம். ஒரு சத்தம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது, அந்த நேரத்தை ஒரு தாளத்துக்குள் எப்படி அடக்குவது, அவ்வளவுதான்.

நிரலிசை என்று ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் லைவ் கோடிங் என்பார்கள். மேடையில் ஒருவர் கம்ப்யூட்டரோடு உட்காருவார். அவர் திரை அப்படியே பின்னால் பெரிதாக விழும். அவர் புரோகிராம் எழுத எழுத இசை வரும். ஒரு வரியை மாற்றினால் தாளம் மாறும். எழுதி வைத்துக்கொண்டு வந்து ஓட்டுவது கிடையாது, கேட்பவர்கள் கண்ணெதிரே எழுதுவது. நம் கச்சேரிகளில் மனோதர்மம் என்கிறோமே, ஏறக்குறைய அந்தக் கட்சி. 2004-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இதற்கென்று டாப்லாப் என்ற ஒரு அமைப்பே தொடங்கினார்கள்.

இதற்கான மென்பொருள்கள் பல இலவசம். சோனிக் பை என்பது 2012-ல் கேம்பிரிட்ஜில் சாம் ஆரன் என்பவர் பள்ளிப் பிள்ளைகளுக்காக உருவாக்கியது. டைடல் சைக்கிள்ஸ் என்பது அலெக்ஸ் மெக்லீன் என்ற ஆங்கிலேயர் 2009 வாக்கில் தொடங்கியது. அதையே பிரௌசரில் ஓடும்படி செய்தது ஸ்ட்ரூடல், 2022-ல் வந்தது. அதற்கு எதையும் இன்ஸ்டால் செய்யக்கூட வேண்டாம். ஹாஸ்டல் பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

இதில் அடிப்படைச் சரக்கு 'சாம்பிள்'. நெய்வேலியில் சாம்பிள் என்றால் லிக்னைட் சாம்பிள் என்றுதான் அர்த்தம், லேபுக்குப் போகும். இங்கே சாம்பிள் என்றால் பதிவு செய்த ஒரு ஒலித்துண்டு. ஒரு தவில் அடி, ஒரு கோயில் மணி, இரண்டு வினாடி டிரம்ஸ், எதுவாகவும் இருக்கலாம். குழப்பம் என்னவென்றால், பொறியியல்காரர்கள் இதே வார்த்தையை இன்னொன்றுக்கும் வைத்திருக்கிறார்கள். ஒலியைக் கம்ப்யூட்டர் பதிவு செய்யும்போது வினாடிக்கு 44,100 முறை அதன் அளவைக் குறித்துக்கொள்கிறது, சி.டி.யின் கணக்கு அது. அந்த ஒவ்வொரு குறிப்புக்கும் சாம்பிள் என்றுதான் பெயர். ஆக, ஒரு சாம்பிளுக்குள் ஆயிரக்கணக்கான சாம்பிள்! நான் துண்டு என்றும் புள்ளி என்றும் பிரித்துச் சொல்கிறேன்.

சோனிக் பையில் கூடவே வரும் ஒரு துண்டு உண்டு. லூப் ஆமென் என்று பெயர், ஒரு டிரம்ஸ் துண்டு. அதன் நீளம் என்ன என்று அந்த மென்பொருளையே கேட்டால் 1.753310657596372 என்று பதில் சொல்லும். இது என்ன கிறுக்குத்தனமான எண் என்று தோன்றும். 44,100-ஆல் பெருக்கிப் பாருங்கள், சரியாக 77,321 வரும். அவ்வளவுதான் ரகசியம். துண்டின் நீளம் என்பது உண்மையில் எத்தனை புள்ளி என்கிற முழு எண். வினாடி என்பது நாம் அதை வகுத்துப் பார்க்கும்போது வருவது.

இப்போது பிரச்சினைக்கு வருவோம். சோனிக் பையில் நாம் எதுவும் சொல்லாவிட்டால் நிமிடத்துக்கு 60 அடி, அதாவது அடிக்கு ஒரு வினாடி. இந்தத் துண்டை அடித்துவிட்டு இரண்டு அடி காத்திருந்து திரும்ப அடி என்று எழுதினால், ஒவ்வொரு முறையும் கால் வினாடி மௌனம் விழும். சொட்டை சொட்டையாகக் கேட்கும். சரி, ஒரு அடி மட்டும் காத்திரு என்றால், முதல் துண்டு முடிவதற்குள் இரண்டாவது மேலே ஏறிவிடும், முக்கால் வினாடி இரண்டும் மோதிக்கொள்ளும். துண்டின் நீளம் ஒரு பக்கம், தாளத்தின் நீளம் ஒரு பக்கம். இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு பிறக்கவில்லை.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல சுலபமான வழி இருக்கிறது. சுரங்கத்தில் பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டரைப் பார்த்திருப்பீர்கள். சக்கரத்தில் 350 லிட்டர், 700 லிட்டர், 1400 லிட்டர் என்று பக்கெட்டுகள். ஒவ்வொரு பக்கெட்டும் தன் பாரத்தைக் கொட்ட, அது கன்வேயர் பெல்ட்டுக்குப் போய்ச் சேரும். பெல்ட் மெதுவாகப் போனால் ஒரு கொட்டலின் மேல் அடுத்தது ஏறி உட்காரும். வேகமாகப் போனால் நடுவில் வெறும் பெல்ட் தெரியும். கொட்டும் அளவும் பெல்ட்டின் வேகமும் ஒத்துப் போனால்தான் சீராக இருக்கும். இந்த உவமையை இதற்கு மேல் இழுக்கக் கூடாது, லிக்னைட்டுக்குச் சுருதி கிடையாது. நம் சிக்கல் முழுக்கச் சுருதியில்தான் இருக்கிறது.

ஏனென்றால், துண்டைத் தாளத்துக்குப் பொருத்த முதலில் தோன்றும் வழி அதை இழுப்பது. 1.75 வினாடித் துண்டை 2 வினாடிக்கு நீட்டு. சோனிக் பையில் பீட் ஸ்ட்ரெச் என்று எழுதி இத்தனை அடி என்று கொடுத்தால் போதும். டைடலில் லூப்அட் என்று ஒரு சொல், இத்தனை வட்டத்துக்குள் இதை அடக்கு என்று அர்த்தம். இரண்டும் உள்ளே செய்வது ஒன்றேதான்: புள்ளிகளை மெதுவாகப் படிப்பது. அந்தக் காலத்து டேப் ரிக்கார்டரில் பேட்டரி இறங்கினால் என்ன ஆகும்? என் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாட்டு மெதுவாகும், கூடவே சுசீலாம்மா குரல் டி.எம்.எஸ். குரல் ஆகிவிடும். அதே கதைதான் இங்கேயும். 1.753 வினாடியை 2 வினாடி ஆக்கினால் சுருதி இரண்டே கால் அரைஸ்தானம் இறங்கும். நம் கணக்கில் ஒரு கட்டைக்குக் கொஞ்சம் மேலே. வெறும் டிரம்ஸ் என்றால் பரவாயில்லை, சற்று தடித்த சத்தமாக இருக்கும், சில பேர் அதற்காகவே செய்வார்கள். ஒரு நாகசுரப் பிடியை இப்படி இழுத்தால் பின்னால் ஓடும் தம்பூராவோடு சண்டைதான்.

சுருதி மாறாமல் நீட்ட முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். பிட்ச் ஸ்ட்ரெச் என்று சோனிக் பையிலேயே இருக்கிறது. துண்டை நுணுக்கி மாவாக்கி மறுபடி பரப்புவது போன்ற வேலை அது. கொஞ்சமாக நீட்டினால் தெரியாது. அதிகமானால் குழாய்க்குள்ளிருந்து பேசுவது போல் ஒரு கரகரப்பு வந்துவிடும். தோல் கருவிகளில் அடி விழும் அந்த முதல் கணம் மழுங்கிப் போகும். எனக்கு அது பிடிப்பதில்லை.

இன்னொரு வழி, துண்டை நீட்டாமல் தாளத்தை மாற்றுவது. இந்தத் துண்டு நாலு அடி, இதற்குத் தக்கபடி நீ வேகத்தை வைத்துக்கொள் என்று சோனிக் பையிடம் சொல்லலாம். அப்போது அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 137 அடி என்று தானே வைத்துக்கொள்ளும். பாடகர் எடுத்த காலப்பிரமாணத்துக்கு மிருதங்கக்காரர் வருவது மாதிரி. ஆனால் இரண்டு துண்டு இருந்து, இரண்டும் வெவ்வேறு நீளமாக இருந்தால், யாருக்கு யார் வருவது?

மூன்றாவது வழிதான் எனக்கு உகந்தது. வெட்டுவது. துண்டை எட்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் கொண்டுபோய் வைப்பது. 1.753 வினாடியை எட்டாக வெட்டினால் ஒவ்வொன்றும் 0.219 வினாடி. 2 வினாடி வட்டத்தில் எட்டில் ஒரு பங்கு 0.25. நடுவே 0.031 வினாடி காலி. அடி விழுந்து அடங்கிய பிறகு வரும் மௌனம் என்பதால் காதுக்குத் தெரியாது. சுருதியும் அப்படியே இருக்கும். வட்டம் குறுகினால் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும், அப்போது மிச்சத்தை நறுக்கிவிடச் சொல்லலாம். டைடலில் இதற்கு சாப், ஸ்லைஸ், ஸ்ப்ளைஸ் என்று மூன்று நான்கு சொற்கள். ஸ்ப்ளைஸ் என்பது வெட்டியதையும் இடத்துக்குத் தகுந்தபடி இழுத்து வைக்கும், ஆக மறுபடியும் சுருதி நகரும். எதை எங்கே போடுவது என்பது காது சொல்ல வேண்டியது.

டைடல் என்றதும் அதன் அடிப்படை எண்ணத்தைச் சொல்லாமல் போக முடியாது. அதில் அடி என்பது முதலில் இல்லை, வட்டம்தான் முதலில். வட்டத்துக்குள் மூன்று பொருள் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு. ஐந்து வைத்தால் ஐந்தில் ஒரு பங்கு. வட்டம் நீளாது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இது முதலில் புரியாமல் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். நமக்கு இது பால பாடம். ஒரு அட்சரத்துக்குள் 'தகிட' சொன்னால் திஸ்ரம், 'தகதிமி' சொன்னால் சதுஸ்ரம், 'தகதகிட' கண்டம், 'தகிடதகதிமி' மிஸ்ரம், 'தகதிமிதகதகிட' சங்கீர்ணம். கை போடுகிற தாளம் மாறுவதில்லை, உள்ளே நடை மாறுகிறது. இதுதான் டைடல்!

இது ஏதோ தற்செயலான ஒற்றுமை என்று நினைத்துவிட வேண்டாம். 1980களின் தொடக்கத்தில் ஜிம் கிப்பென் என்ற பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் லக்னோவில் உஸ்தாத் அஃபாக் ஹுசைன் கான் அவர்களிடம் தபேலா கற்றுக்கொண்டிருந்தார். காயிதா என்று தபேலாவில் ஒரு வகை உண்டு, ஒரு கருவை வைத்துக்கொண்டு விதிக்குட்பட்டு விரித்துக்கொண்டே போவது. அந்த விதி என்ன? பேச்சுக்கு இலக்கணம் இருப்பது போல் இதற்கும் இருக்குமா? கிப்பெனும் பெர்னார்ட் பெல் என்ற பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து ஆப்பிள் 2 வகைக் கம்ப்யூட்டரில் போல் பிராசஸர் என்று ஒரு புரோகிராம் செய்தார்கள். போல் என்றால் தபேலாச் சொல், நாம் சொற்கட்டு என்கிறோமே அது. கம்ப்யூட்டர் அந்த இலக்கணப்படி புதுப்புது விரிவுகளை உண்டாக்கும். உஸ்தாத் அதைப் பார்த்து, இது சரி, இது சரியில்லை என்று சொல்வார். சொல்லச் சொல்ல இலக்கணத்தைத் திருத்துவார்கள். நாற்பது வருஷத்துக்கு முன்னால், நம் நாட்டில், ஒரு கலைஞரின் காதை நீதிபதியாக வைத்து நடந்த வேலை இது.

பிறகு பெல் அதன் அடுத்த வடிவத்தை உருவாக்கினார். அதில் ஒன்றுக்கு மேற்பட்ட தாள ஓட்டங்களை அடைப்புக் குறிகளுக்குள் எழுதும் முறை ஒன்று வந்தது. அலெக்ஸ் மெக்லீன் டைடலுக்கு எழுத்துமுறை அமைத்தபோது அதிலிருந்துதான் எடுத்துக்கொண்டார், அதை அவரே வெளிப்படையாகச் சொல்லியும் இருக்கிறார். இன்று உலகின் எந்த மூலையில் ஒரு பிள்ளை டைடலிலோ ஸ்ட்ரூடலிலோ அடைப்புக் குறி போட்டாலும், அதன் வேர் லக்னோவில் ஒரு உஸ்தாத் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. திண்ணை என்றது என் கற்பனை, மற்றதெல்லாம் நிஜம்.

ஆனால் ஒரு விஷயத்தில் மென்பொருள் இன்னும் குழந்தைதான். டைடலில் நடையை மாற்றினால் இடம் சுருங்கும், துண்டு சுருங்காது. நிமிடத்துக்கு 60 என்ற ஆதி தாளத்தில் சதுஸ்ர நடை என்றால் ஒரு சொல்லுக்குக் கால் வினாடி. இரண்டாம் காலத்தில் அரைக்கால் வினாடி. மிருதங்கத்தின் தொப்பி முழக்கம் ஒன்று அரை வினாடி நீண்டால், இரண்டாம் காலத்தில் அது அடுத்த மூன்று சொல்லின் தலையிலும் ஏறி உட்காரும். சாதாரணமாக எழுதினால் வெறும் இரைச்சல். வித்வான் வாசிக்கும்போது ஏன் அப்படிக் கேட்பதில்லை? அவர் கை அடக்குகிறது. அடுத்த சொல்லுக்கு விரல் தோலில் படும்போதே முந்தைய நாதம் அடங்கிப் போகிறது. எங்கே ஓடவிட வேண்டும், எங்கே அடக்க வேண்டும் என்பது வருஷக்கணக்கான சாதகம். டைடலில் அந்த அடக்கலை நாமே எழுத வேண்டும். கட் என்று ஒன்று: இந்தக் கூட்டத்தில் புதியது வந்தால் பழையது நிற்கட்டும். லெகாட்டோ என்று ஒன்று: தனக்குரிய இடத்தில் இத்தனை பங்குக்கு மேல் ஒலிக்காதே. தொப்பிக்கு ஒரு கட் எண், வலந்தலைக்கு இன்னொரு கட் எண் கொடுத்துப் பாருங்கள். அதுவரை தகரடப்பா மாதிரி இருந்தது சட்டென்று இரண்டு கை வாசிப்பதாக மாறும். என் அனுபவத்தில் இந்த ஒரு மாற்றம் நூறு எஃபெக்டுக்குச் சமம்.

பக்கத்து ஊரில் ஒரு தவில் கலைஞர், என்னைவிட மூத்தவர். அவர் அனுமதியோடு அவர் அடிகள் சிலவற்றைப் பதிவு செய்து, துண்டாக்கி, நீட்டிக் குறுக்கி அவருக்கே போட்டுக் காண்பித்தேன். முதலில் சிரித்தார். வெட்டி வைத்ததைக் கேட்டு, "ம், நம்ம அடிதான்" என்றார். இழுத்து வைத்ததைக் கேட்டதும் தலையை ஆட்டிவிட்டார். "இது வேற மரம்ங்க, வேற தோலு. என் தவில் இல்ல." நான் கம்ப்யூட்டரில் வேகத்தை 0.87 என்று மட்டும்தான் மாற்றியிருந்தேன். அவர் காதுக்குப் பலாமரத்து உருளையே மாறிப்போயிற்று. கணக்குப்படியும் அவர் சொன்னதுதான் சரி. துண்டை மெதுவாக ஓட்டினால் அடியின் சுருதி மட்டும் இறங்குவதில்லை, கட்டையின் அதிர்வு, தோலின் அதிர்வு எல்லாமே சேர்ந்து இறங்குகிறது. கொஞ்சம் பெரிய, கொஞ்சம் தளர்ந்த இன்னொரு தவிலின் ஓசை அது.

அங்கிருந்து பேச்சு வேறு பக்கம் திரும்பியது. "இதை எடுத்துட்டுப் போய் யார் வேணா எங்க வேணா போட்டுக்கலாமா?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்காகத்தான் இன்று இந்தத் தலைப்பையே எடுத்தேன்.

முதலில் சொன்னேனே, லூப் ஆமென், 77,321 புள்ளி. அதன் கதை இது. 1969-ல் அமெரிக்காவில் தி வின்ஸ்டன்ஸ் என்ற குழு ஒரு இசைத்தட்டு வெளியிட்டது. அதன் பின்பக்கத்தில் ஆமென் பிரதர் என்ற இசை. நடுவில் ஏழு வினாடி அளவுக்கு டிரம்ஸ் மட்டும் தனியாக வரும், கிரெகரி கோல்மன் என்பவர் வாசித்தது. 1980களில் சாம்பிள் எடுக்கும் கருவிகள் வந்ததும் அந்த ஏழு வினாடியை எல்லோரும் எடுத்தார்கள். வெட்டினார்கள், வேகமாக்கினார்கள். இங்கிலாந்தில் ஜங்கிள் என்ற இசை வகையே பெரும்பாலும் அதன் மேல்தான் எழுந்தது. ஆயிரக்கணக்கான பாட்டுகளில் அது இருக்கிறது. வாசித்த கோல்மனுக்கு அதிலிருந்து ஒரு காசு வரவில்லை. 2006-ல், வீடில்லாத நிலையில் இறந்து போனார். குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்காக 2015-ல் பிரிட்டனில் இசைக்காரர்கள் சேர்ந்து நிதி திரட்டி சுமார் 24,000 பவுண்டு கொடுத்தார்கள். ஏதோ நல்ல மனசு. ஆனால் கோல்மனுக்கு அது ஒன்பது வருஷம் தாமதம்.

இதைச் சொன்னதும் தவில்காரர் ஒன்றும் பேசவில்லை. காபி மட்டும் வந்தது. பிறகு தன் பேரையும் ஊரையும் ஃபைலில் எழுதிக்கொள்ளச் சொன்னார். எழுதினேன். ஒவ்வொரு துண்டின் பெயரிலும் அவர் பெயர், கருவி, நீளம், எத்தனை கட்டைச் சுருதி, பதிவு செய்த தேதி எல்லாம் இருக்கிறது. அவரைக் கேட்காமல் அது என் கம்ப்யூட்டரை விட்டுப் போகாது. கச்சேரியில் பயன்படுத்தினால் சன்மானத்தில் அவர் பங்கு தனி.

மாணவர்களே, நம் மாவட்டத்தைச் சுற்றிப் பாருங்கள். தெருக்கூத்து மத்தளம் இருக்கிறது, பம்பை இருக்கிறது, பறை இருக்கிறது, பக்கத்திலேயே சிதம்பரம் இருக்கிறது. உங்கள் எல்லார் கையிலும் நல்ல மைக் உள்ள போன் இருக்கிறது. திருவிழாவில் நின்று பதிவு செய்து, ஊர் பேர் தெரியாமல் இன்டர்நெட்டில் போட்டுவிட இரண்டு நிமிஷம் போதும். யாரோ அதை எடுத்து 0.87 வேகத்தில் ஓட்டி, இதுதான் பம்பை என்று உலகத்துக்குச் சொல்லிவிடுவான். முப்பது வருஷம் கழித்து அசல் நீளம் என்ன, அசல் சுருதி என்ன என்று தேடினால் கிடைக்காது. அதனால் பதிவு செய்யும்போது அசலை வெட்டாமல் இழுக்காமல் ஒரு பிரதி தனியாக வையுங்கள். அடியின் ஆரம்பத்தில் கொஞ்சம் மௌனம், முடிவில் நாதம் முழுக்க அடங்கும் வரை காத்திருங்கள். வால் அறுந்த துண்டை எவனாலும் ஒட்ட முடியாது. வாசித்தவர் பெயரைக் கேளுங்கள். முக்கியமாக, வெட்டி முடித்த பிறகு அவரிடமே கொண்டுபோய்ப் போட்டுக் காட்டுங்கள். லக்னோவில் செய்தது அதைத்தான்.

சுரங்கத்துச் சத்தங்களையும் பதிவு செய்யலாமா என்று காலையில் ஒரு தங்கை கேட்டது. செய்யலாம், அருமையான சத்தங்கள், ஆனால் நிர்வாக அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைக்கக் கூடாது. அப்பா அங்கே வேலை பார்க்கிறார் என்பது அனுமதி ஆகாதும்மா.

இதில் வேலை கிடைக்குமா என்று பெற்றோர் சார்பில் கேள்வி வரும். நேரடியாகக் கிடைக்காது. டைடல் எழுதப்பட்டிருக்கும் ஹாஸ்கெல் மொழியைக் கற்றுக்கொண்டால் மூளைக்கு நல்ல பயிற்சி, அதற்கு மேல் நான் எதையும் விற்க வரவில்லை.

மதியச் சாப்பாடு முடிந்ததும் கம்ப்யூட்டர் லேபில் இரண்டு மணிக்கு ஸ்ட்ரூடலில் செய்து காட்டுகிறேன். முதலில் வட்டம், பிறகு தகதகிட, பிறகு கட். ஹெட்போன் இருப்பவர்கள் கொண்டு வாருங்கள், லேபில் நாலுதான் இருக்கிறதாம். தவில்காரரும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பாயசம் அதிகம் சாப்பிட்டுத் தூங்கிவிடாதீர்கள்.